திரைக்குப் பின்னால் ஒரு கொசு

யாராவது சிரித்துப் பேசினாலே சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிற ஆள், அந்தத் தையல் மெஷின் ரிப்பேர்காரர். ஆசைப்பட்டு வீட்டிலேயே அவர் செய்த சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவி இன்று, வாசிக்கும் கட்டையைத் தொடாமலே, கொசு மாதிரி ஞொய்யென்றது.

“நேத்து உன் தம்பி இதைத் தொட்டான். அவன்தான் எதையோ நோண்டிட்டான்!” என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார். மச்சான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்தார்.

“அவன் போனப்புறம் நீங்க என்ன பண்ணீங்க?”

“இதோட குட்டித் திரையில எழுத்து தெரியலைன்னு திரைக்குப் பின்னால லைட் போட்டேன். சவுண்ட் போர்டுக்குப் போற கரண்ட்லேருந்தே எடுத்தேன். அதுக்கென்ன?”

அவள் லைட் வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது, கொசுவும் செத்தது.

“அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்னு சொல்வாங்க. உங்க பேய் லைட்டைப் போட்டுக்கிட்டுல்ல உக்காந்திருக்கு!”