அத்தா குடிக்காத தண்ணீர்

முப்பது நோன்பையும் பிடித்துவிடுவேன் என்று, பாடாங் செராயில் எங்கள் சாப்பாட்டுக் கடைக்கு வந்த எல்லோரிடமும் நான் பீற்றிக்கொண்ட வருடம் அது. எனக்கு ஒன்பது வயது. அந்த நோன்பு மாதத்தில்தானா அத்தாவுக்கு ஸ்கேன் தேதி விழ வேண்டும்?

அத்தாவுக்குச் சிறுநீர் சரியாகப் பிரியவில்லை. கழிப்பறைக்குள் போனால், நான் சீருடை மாட்டித் தலைவாரி முடிக்கும் வரை வெளியே வரமாட்டார். ஸ்கேனுக்கு முன் நாலு கிளாஸ் தண்ணீர் குடித்து, அடக்கிக்கொண்டு வர வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்தார்கள்.

“சீக்குக்காரவங்க நோன்ப அப்பறமா பிடிச்சிக்கலாம்லா. குடிச்சிட்டுப் போங்க,” என்று அம்மா கெஞ்சினார்.

“யாரு சீக்குக்காரன்? புள்ளயே நோன்பா இருக்கு.”

அம்மாவுக்குச் சாயங்கால நோன்புச் சந்தைக்கு, பசாருக்கு, சமைக்க வேண்டியிருந்தது. ஒரு பெரிய போத்தல் தண்ணீரை என் கையில் கொடுத்து, அத்தாவைக் குடிக்க வைப்பது உன் பொறுப்பு என்று அனுப்பிவிட்டார்.

மருத்துவமனையில் இரண்டு முறை போத்தலை நீட்டினேன். அத்தா சுவரைப் பார்த்தார். எங்களுக்கு முன்னால் போனவர் தண்ணீர் குடிக்காமல் வந்தாராம், திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்து.

தண்ணீர் குடித்தாயிற்றா என்று ஸ்கேன் எடுக்கும் அக்கா மலாயில் கேட்டார். “சுடா,” குடித்தாயிற்று என்றார் அத்தா, கூசாமல்.

நோன்போடு பொய். நான் நிரம்பிய போத்தலை, தலையை மூடித் தொங்கிய துடோங்குக்கு அடியில் மறைத்தேன். இயந்திரம் எப்படியும் காட்டிக்கொடுத்துவிடும். அத்தா எல்லார் முன்னாலும் திட்டு வாங்கப் போகிறார் என்ற பயத்தில் எனக்கு அழுகை முட்டியது.

அக்கா அவர் அடிவயிற்றில் பசையைத் தடவிக் கருவியை அழுத்தினார். திரையில் பெரிதாக ஒரு கறுப்பு வட்டம். சிறுநீர்ப் பை நன்றாக நிறைந்திருக்கிறது, இனி சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள், மறுபடி பார்க்க வேண்டும் என்றார்.

எனக்குப் புல்லரித்தது. விடியுமுன் சாப்பிட்ட சஹருக்குப் பிறகு ஒரு சொட்டுக் குடிக்காதவருக்கு நிறைந்திருக்கிறதென்றால் அது யார் வேலை?

அத்தா வெகுநேரம் கழித்து நெற்றி வியர்க்கத் திரும்பி வந்தார். மறுபடி கருவி, மறுபடி அதே வட்டம். கொஞ்சமும் குறையவில்லை. நான் கைதட்டிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்தார், பிறகு, போய்விட்டு வந்தும் உள்ளேயே தேங்கி நிற்கிறதே என்று டாக்டரை அழைக்கப் போனார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நான்தான் தேற்றினேன். “பயப்படாதிங்கத்தா. பொய் சொன்னதுக்கு அல்லா மன்னிச்சிட்டான். ரெண்டு தடவ நெறச்சிக் காட்டிட்டான்.”

நோன்பு திறக்கும்போது அதே போத்தலிலிருந்து அத்தாவுக்கு ஊற்றிக் கொடுத்தேன். பேரீச்சம்பழத்தைத் தின்றவர், கிளாஸைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். உதட்டை மட்டும் நனைத்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

“நீ குடிம்மா.”

பகலெல்லாம் பட்டினி கிடந்தும் அத்தாவுக்குத் தாகமே இல்லையே என்று பெருமையாக இருந்தது. அவர் பங்கையும் சேர்த்து மடமடவென்று குடித்தேன். அது பயம் என்று எனக்குத் தெரியவில்லை; தண்ணீரைக் கண்டு பயப்படும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.