இடது மூலையில் யாரும் இல்லை

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை. பாசாரில் மீன்காரர் என் பையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் கைத்தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டு நிற்கிறேன். மறுமுனையில் என் தோழி கலைச்செல்வி. வணக்கம் இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.

“ஏய், காலேஜ்ல மூணு வருஷம் பெஞ்சிலயே உக்காந்திருந்தியே... எப்படிடீ உக்காந்த?”

யோசித்துப் பாருங்கள். ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயதில், மீன் வாடைக்கு நடுவில் வைத்து ஒருத்தியிடம் கேட்கிற கேள்வியா இது?

கேட்டவள் யார் என்று தெரிந்தால் கோபம் வராது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் வளர்ந்தவள் கலை. எங்கள் கல்லூரிக் கூடைப்பந்துக் குழுவின் நட்சத்திரம். நான் அதே குழுவின் பன்னிரண்டாவது ஆள். பதின்மூன்றாவது ஆள் என்று ஒன்று கிடையாது என்பதால் பன்னிரண்டாவது.

அப்போதெல்லாம் ஆட்டங்கள் ஒரு தகரக் கூரை மண்டபத்தில் நடக்கும். மேலே மழை கொட்டும், கீழே காலணிகள் கீச்சிடும். இரண்டுக்கும் நடுவில் பந்து ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாவித் தாவி, கடைசியில் இடது மூலைக்குப் போய்ச் சேரும். அங்கே கலை நிற்பாள். குதிக்கிறாள் என்றே தெரியாது. தரைதான் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்ட மாதிரி இருக்கும். பந்து போவதைப் பார்க்க மாட்டாள், திரும்பி நடக்க ஆரம்பித்துவிடுவாள். வலை ஒரு மூச்சு விடும் — ஸ்ஸ்... மண்டபம் மொத்தமும் எழுந்து நிற்கும்.

நான் மட்டும் உட்கார்ந்திருப்பேன். அவளுடைய துண்டும் தண்ணீர்ப் போத்தலும் என் மடியில் அல்லவா இருக்கும்?

அந்த மண்டபம் இப்போது இல்லை. அங்கே ஒரு கொண்டோ அடுக்குமாடி எழுந்துவிட்டது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காவலரிடம் சொல்லிவிட்டு உள்ளே போய், இடது மூலை எங்கே இருந்தது என்று காலால் அளந்து பார்க்கலாமா என்று தோன்றும். என்ன சொல்லி உள்ளே போவது?

சரி, கலை விஷயத்துக்கு வருகிறேன்.

அவளுக்குப் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. பொருள்களின் தரம் பார்க்கும் பகுதியில் சூப்பர்வைசர். இந்த வருஷம் ஜார்ஜ் டவுனில் மூன்று கடைவீடுகளை இடித்து ஒன்றாக்கி நடத்தப்படும் ஒரு சின்னக் கல்லூரி அவளை அழைத்தது. பெண்கள் குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநர். வேலை முடிந்து சாயந்தரம் கடல் பாலத்தைக் கடந்து தீவுக்கு வந்து சொல்லிக்கொடுக்க வேண்டும்.

“ஹெட் கோச்சா? அப்ப அசிஸ்டன்ட் கோச் யாருடீ?” என்று அப்போது கேட்டேன்.

“நாந்தான்.”

“ஃபிட்னஸ் பாக்கறது?”

“அதுவும் நாந்தான். பந்துக்குக் காத்தடிக்கறதும் நாந்தான் லா.”

கல்லூரிக்குத் திடல் கிடையாது. பின்னால் கார் நிறுத்துமிடம், அதன் சுவரில் ஒரே ஒரு வளையம். ஐந்து மணிக்குக் கலை மாடிப்படி ஏறி ஒவ்வொரு விரிவுரையாளராகப் பார்த்து, “சார், உங்க காடிய கொஞ்சம் எடுத்துடுறீங்களா?” என்று கேட்பாள். கடைசிக் கார் வெளியே போனால்தான் பயிற்சி. பெரும்பாலும் அந்தக் கடைசிக் காடி கல்லூரி முதல்வருடையது.

முதல்வர் நல்ல மனிதர். ஆனால் போன வருஷம் குழு போட்டியின் பாதியில் ஆளில்லாமல் விலகிவிட்டது. அந்த வெட்கம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. “இந்த வருஷமும் பாதில விட்டுட்டா, அந்த வளையத்தக் கழட்டிடுவோம் மிஸ் கலை. நாலு காடி நிக்கலாம்” என்றார். கலை வாக்குக் கொடுத்தாள். “மொத்தம் நாலு ஆட்டம் சார். நாலையும் ஆடி முடிப்போம்.”

எட்டுப் பெண்கள் இருந்தார்கள். இரண்டு ஆட்டம் முடிந்தபோது ஆறு பேர் மீதி. அன்றைக்குத்தான் எனக்கு அழைப்பு.

“ஏன்டீ போனாங்க?”

“தெரியல. நான் ஒண்ணும் சொல்லல.”

“கத்தினியா?”

“கத்தல. சொல்லிக் குடுத்தேன்.”

“சத்தமாவா?”

“...கொஞ்சம் சத்தமா. என்னால உக்கார முடியலடீ. அவங்க ஒரு பந்த விட்டா என் காலு தானா கோட்டுக்குள்ள போயிடுது. ரெஃப்ரி ரெண்டு தடவ வார்னிங் குடுத்துட்டாரு. இன்னும் ரெண்டு பேரு போனா டீமே இல்ல. நீ திங்கக்கிழமை வா.”

மீனை வாங்கிக்கொண்டேன். மீன்காரர், “யாரு, உங்க பொம்பளப் பிள்ளையா?” என்று கேட்டார். கோச் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

திங்கட்கிழமை போனேன். காடிகள் போயிருந்தன. தரையில் எண்ணெய்க் கறைகள், அவற்றைச் சுற்றிப் பந்தைத் தட்டிக்கொண்டு ஆறு பெண்கள். கேப்டன் யோகேஸ்வரி அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரியில் வந்து போகிறவள். குள்ளம், கெட்டியான தோள்கள், பேச்சு குறைவு. தர்ஷினி என்று ஒருத்தி. அவள் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுகிறவள்.

கலை தன் காந்தப் பலகையைக் காட்டினாள். வெள்ளைப் பலகையில் கோடு போட்ட திடல், அதன்மேல் ஐந்து சிவப்புக் காந்தங்கள். இவள் அங்கே ஓடுவாள், அவள் இங்கே மறிப்பாள், பந்து இப்படிப் போகும்... பார்க்க அழகாகத்தான் இருந்தது. முதல் திட்டத்தில் பந்து இடது மூலையில் போய் முடிந்தது. இரண்டாவது, வலப்பக்கம் ஆரம்பித்துச் சுற்றி வளைத்து இடது மூலைக்கு வந்தது. மூன்றாவதையும் போட்டுக் காட்டினாள். அதுவும் அங்கேதான் போய் முடிந்தது.

“அந்த மூலையில நிக்கிற காந்தம் யாரு?”

“யோகேஸ்.”

காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த யோகேஸ் நிமிரவில்லை. “எனக்கு அங்க இருந்து விழாது கோச். மொத நாளே சொன்னேன்.”

“ஏன் விழாது? நான் போட்டேனே.”

“நீங்க போட்டீங்க கோச். இப்ப நாந்தானே விளையாடுறேன்.”

மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் மற்ற ஐந்து பேரும் பந்து தட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

நான் கலையின் பக்கம் போய் மெதுவாகச் சொன்னேன். “கலை, அந்தக் காந்தம் நீடீ.”

அவள் பலகையைப் பார்த்தாள். சந்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, போனது. ஆட்டத்தை விட்டு எத்தனை வருஷம்! திருமணம், ஷிஃப்ட் வேலை, இரண்டு பிள்ளைகள், முட்டியில் ஒரு சிகிச்சை... எல்லாம் நடந்த பிறகும் அந்த மூலையை விட்டு அவள் வரவே இல்லை. சிரிக்காதீர்கள். நான் மட்டும் என்னவாம்? மடியில் துண்டோடு இன்னும் அந்த மண்டபத்தில்தானே உட்கார்ந்திருக்கிறேன்?

கலை உள்ளங்கையால் பலகையை ஒரே இழுப்பில் துடைத்தாள். ஐந்து காந்தங்களும் தரையில் சிதறின. வகுப்பறைக்குள் போய் ஒரு சாக்குக்கட்டியோடு வந்தாள்.

“யாருக்கு எங்க இருந்து விழுமோ, அங்க போயி ஒரு வட்டம் போடுங்க.”

யோகேஸ் வளையத்துக்கு நேர் கீழே, வலப்பக்கமாக, ஒரு தட்டு அளவுக்கு வட்டம் போட்டாள். மற்றவர்கள் தயங்கித் தயங்கிப் போட்டார்கள். தர்ஷினி நிறுத்துமிடத்தின் அந்தக் கடைசிக்குப் போய், குப்பைத்தொட்டி பக்கத்தில் போட்டாள்.

“அங்க இருந்து விழுமா?”

“ஒரு தடவ விழுந்துச்சு கோச்.”

முதலில் சிரித்தது கலைதான். ஆறு வட்டங்கள். இடது மூலையில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு ஃபெர்ரிக்கு யோகேஸ் ஓட வேண்டியிருந்தது, அவ்வளவு நேரம் ஆடினார்கள்.

போகும்போது கலையின் முதல் கேள்விக்குப் பதில் சொன்னேன். “ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சுக்க. கை மாட்டிக்கிச்சுன்னா காலு எழும்பாது. மூணு வருஷமும் நான் அப்படித்தான்.”

“உனக்கும் எழும்பணும் போல இருந்துச்சா?” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டதே இல்லை. நானும் சொன்னதில்லை.

மூன்றாவது ஆட்டம் தோல்வி. ஆனால் ஆறு பேரும் மறுநாள் வந்தார்கள்.

நான்காவது, போன சனிக்கிழமை சாயந்தரம், ஒரு திறந்தவெளித் திடலில் நடந்தது. போன உடனே கலை ஒரு படிவத்தைக் காட்டினாள். மேனேஜர் என்ற இடத்தில் என் பெயர். “வெளியாளு பெஞ்சில உக்காரக் கூடாதாம்” என்றாள். அப்படித்தான் பழைய இடத்துக்குத் திரும்பினேன்.

இரண்டாவது கால் பகுதியில் தர்ஷினிக்குக் கணுக்கால் பிசகியது. கைத்தாங்கலாகக் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். மாற்று ஆள் இல்லாமல் ஐந்து பேர். மூன்றாவது பகுதியில் முதல்வர் குடையோடு வந்து வேலி ஓரம் நின்றார். கடைசிப் பகுதியில் ஏழு நிமிஷம் மிச்சம் இருக்கும்போது இன்னொருத்தி ஐந்தாவது ஃபவுல் செய்து, விதிப்படி வெளியே வந்தாள். திடலில் நான்கு பேர். எதிரில் ஐந்து. புள்ளிகளைச் சொல்ல வேண்டாம், பார்க்க முடியாத அளவு.

நடுவர் ஒரு சீனப் பெரியவர். அனுதாபத்தோடு வந்தார். “கோச், பொலே லாகி?” இன்னும் முடியுமா என்கிறார். முடியாது என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேலி ஓரத்துக் குடை அசையவில்லை.

கலை முதல்வரைப் பார்க்கவில்லை. யோகேஸைப் பார்த்தாள். “நீ சொல்லு. நீதானே விளையாடுற.”

யோகேஸ் மூச்சு வாங்கிக்கொண்டு யோசித்தாள். “ஃபெர்ரிக்கு இன்னும் நேரம் இருக்கு கோச்.”

அந்த ஏழு நிமிஷமும் கலையின் இடது கால் நடுங்கிக்கொண்டே இருந்தது. கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான்கு பெண்கள் ஓடினார்கள், விழுந்தார்கள், எழுந்தார்கள். கடைசி நிமிஷத்தில் பந்து எப்படியோ யோகேஸிடம் வந்தது. வளையத்துக்கு நேர் கீழே, வலப்பக்கம். அங்கே சாக்குக்கட்டி வட்டம் இல்லை. ஆனால் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம்.

ஸ்ஸ்...

பெஞ்சில் யாரோ எழுந்து நின்று கத்துகிறார்களே என்று பார்த்தால் — நான்தான். கலை என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காருடீ. நீ மேனேஜரு.”

இருபத்தொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். ஆனால் கடைசி விசில் வரை திடலில் எங்கள் பெண்கள் இருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது குடையைக் காணோம்.

நேற்று முன்தினம் திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு என் கைத்தொலைபேசியில் ஒரு படம். காலியான கார் நிறுத்துமிடம், எண்ணெய்க் கறைகள், சுவரில் வளையம், அதன் நிழல். கீழே கலை எழுதியிருந்தாள்: ‘இன்னிக்கு யார்கிட்டயும் போய்க் கேக்கல. மொதல்ல காடிய எடுத்தது பிரின்சிபல்தான். அடுத்த சீசனுக்குப் பெஞ்சில ஒரு எடம் இருக்கு, வர்றியா?’

என் வாழ்க்கையில் பெஞ்சில் உட்கார என்னை யாரும் கேட்டு அழைத்ததில்லை... போகிறேன்.