நான் கிள்ளிய செண்டுப்பூக்கள்

செல்வி அக்காவின் செண்டுப்பூக்களை அழித்தது புறாக்கள் அல்ல. நான்தான்!

சுங்கை பினாங் அடுக்குமாடியில் அவர் எனக்குப் பக்கத்து வீடு. இறந்துபோன அவர் கணவர் கடைசியாகத் தன் கையால் விதைத்த செடி அது. வாசல் தொட்டியில் நின்றது. சென்ற ஆண்டு, பாகான் டாலாமில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் புறப்பட்டவர், லிஃப்ட் கதவு மூடும் நேரத்தில் என்னிடம் சொன்னார்:

"தம்பி, தண்ணி ஊத்துங்க. காஞ்ச பூவ விட்டுருங்க லா."

அப்படித்தான் சொன்னாரா? "கிள்ளி விட்டுருங்க" என்றல்லவா என் காதில் விழுந்தது! அந்தக் 'கிள்ளி'யை அவர் சொன்னாரா, நானே சேர்த்துக்கொண்டேனா... இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அப்போது நான் கைப்பேசியில் தோட்டக் காணொளிகளாகப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். வாடிய பூவைக் கிள்ளினால் சத்து விதைக்குப் போகாமல் புது மொட்டுக்குப் போகும் என்பது எனக்கு மனப்பாடம். அப்படியென்றால் அந்தப் பூவுக்குள் விதை இருப்பதும் தெரியும்தானே? தெரிந்தும் ஏன் யோசிக்கவில்லை? அக்கா வந்து அசந்துபோக வேண்டும் என்ற ஆசையா? ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியனாம்... ஒன்றுவிடாமல் கிள்ளினேன். உதிர்ந்ததையும் கூட்டி அள்ளிக் குப்பையில் போட்டேன்.

மொட்டு வரவில்லை. வயதான செடி, சில நாளில் பட்டுப்போனது.

அக்கா வந்து தொட்டியைப் பார்த்தார். "விதைக்கு விட்டிருந்தேனே தம்பி... பூவெல்லாம் எங்க?"

"புறா கொத்திருச்சுக்கா."

எங்கிருந்து வந்தது அந்தப் பொய்? வாயைத் திறந்தேன், வந்துவிட்டது. அவர் அழவில்லை. "ஒரு விதையாச்சும் மண்ணுல விழுந்திருக்கும் லா" என்று அன்று முதல் வெறுந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினார். தினமும்! வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் பார்ப்பேன். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன்... லிஃப்ட் வந்துவிடும்.

ஒரு செண்டு நாற்று வாங்கி, அவர் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து நட்டுவிடலாமா? அது பரிகாரமா, இன்னொரு பொய்யா? நீங்களாவது சொல்லுங்கள், எனக்கு ஒரே குழப்பம்!

அந்தக் குழப்பத்திலேயே நாள் போனது. போன வாரம் அக்கா என் கதவைத் தட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

"தம்பி, ஓடி வாங்க! அவரு போட்டது முளைச்சிருச்சு!"

குனிந்து பார்த்தேன். கீழாநெல்லி, தானாக முளைக்கும் களை. முளையில் பார்த்தால் செண்டு நாற்றின் சாடைதான். ஆனால் எனக்குத் தெரியும்.

"ஆமாக்கா" என்றேன்.

இன்று காலை அக்கா அதற்கு ஒரு குச்சி நட்டு, நூலால் கட்டிக்கொண்டிருந்தார். நூலின் மறுமுனையை நான்தான் பிடித்துக்கொண்டேன்.