மூன்றாம் வளைவுக்கு அப்பால் பெர்னீஸ்

இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய பையன்கள் பழைய ஃபோர்டு கார்களின் கண்ணாடியைக் கழற்றி, கதவை வெல்டிங்கால் ஒட்டி, சனிக்கிழமை தவறாமல் மண் பந்தயத் தடத்தில் வட்டமடித்த காலம். அமெரிக்காவின் விஸ்கான்சினில் அப்படியொரு தடத்தின் மூன்றாம் வளைவை ஒட்டி பெர்னீஸ் கிளாப்பரிச்சின் முட்டைக்கோஸ் வயல் இருந்தது. வாரம் ஒரு காராவது தடத்தோர மண்மேட்டைத் தாண்டி அதில் வந்து விழும்.

பெர்னீசுக்கு ஐம்பத்திரண்டு வயது. டிராக்டரும் பால் லாரியும் ஓட்டிக் காய்த்துப்போன கை. பந்தயம் என்ற பேச்சை எடுத்தாலே முகம் சுளிப்பாள். கணவன் லியானும் அவள் கட்சிதான். “இந்தச் சத்தத்துல மனுஷன் இருப்பானா?” என்று சனிக்கிழமை மாலையானதும் தம்பி வீட்டுக்குச் சீட்டாடக் கிளம்பிவிடுவான்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, எல்ராய் சாஸ்ட்ரோவின் பதினேழாம் எண் கார் ஒரு பாத்தி முட்டைக்கோசை நசுக்கிக்கொண்டு வந்து நின்றது. எல்ராய் ஜன்னல் வழியாக ஊர்ந்து இறங்கி மண்ணில் உட்கார்ந்தான். இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டே இருந்தது.

“டேய் எல்ராய், எடுடா வண்டிய!”

“தலை சுத்துதுங்க மிஸஸ் கிளாப்பரிச். ரெண்டு பேரா தெரியறீங்க.”

“ஒருத்தியவே நீ தாங்கமாட்ட. போய் அடுப்படியில உக்காரு, காப்பி இருக்கு. இந்தச் சனியன நானே கொண்டுபோய் அங்க தள்ளிட்டு வரேன்.”

“ஹெல்மெட்டயாவது மாட்டிக்கோங்க. மண்ணாங்கட்டி பறக்கும்.”

ஹெல்மெட்டை மாட்டி, புழுதிக்குக் கைக்குட்டையால் முகத்தைக் கட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்தாள். மேட்டில் ஏறித் தடத்தோரம் காரை விட்டுவிட்டு வருவதுதான் அவள் எண்ணம். ஏறி இறங்கியதும் பின்னால் ஒரு கூட்டமே சீறிக்கொண்டு வந்தது. நின்றால் நசுங்க வேண்டியதுதான். ஒரு சுற்று போய் இடம் பார்த்து ஒதுங்கலாம் என்று ஓட்டினாள். ஒதுங்கப் பார்த்தபோதெல்லாம் எவனாவது பின்னால் வந்து இடித்தான். மூன்றாவது இடியில் அவளுக்கு ரத்தம் கொதித்தது. திருப்பி இடித்தாள். அதற்கப்புறம் ஒதுங்க இடம் தேடவில்லை.

முதல் வளைவில் ஒரு கார் சுழன்று நிற்க, மற்றவை அதன்மேல் போய் மோதிக் குவிந்தன. வழியில் படுத்த மாடுகளைச் சுற்றிப்போய்ப் பழகியவள், புல்மேல் ஏறிச் சுற்றிப் போய்விட்டாள். அவள் முதலில் வந்துவிட, பந்தயம் முடிந்ததென்று கட்டம்போட்ட கொடியை ஆட்டினார்கள். தன்னை விரட்டுகிறார்கள் என்று நினைத்து இன்னும் இரண்டு சுற்று ஓடினாள். கடைசியில் கொடிக்காரன் தடத்தின் நடுவில் வந்து நின்று கும்பிட்டான்.

அந்தப் புழுதியில் பதினேழாம் எண் வெளியே போனதையும் வந்ததையும் யாரும் பார்க்கவில்லை. “எல்ராய் சாஸ்ட்ரோ!” என்று ஒலிபெருக்கியில் கத்தினார் தடத்தின் முதலாளி மெர்ல். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவன் வேலியைத் தாண்டிக் குதித்து ஓடிவந்தான். “எல்ராய், என் தங்கமே!” என்று ஜன்னலில் பாதி இறங்கியிருந்த உருவத்தைக் கட்டிக்கொண்டான்.

ஹெல்மெட் கழன்றது.

“உன் தம்பி எப்படி இருக்கான், லியான்?” என்றாள் பெர்னீஸ்.

“நல்லா... நல்லாத்தான் இருக்கான்.”

“சீட்டாட்டம் முடிஞ்சுதா?”

ஜெயித்தவருக்கு முத்தம் கொடுக்க நிறுத்தியிருந்த அழகு ராணி டார்லீன், யாரும் நிறுத்தச் சொல்லாததால், பெர்னீஸ் கன்னத்தில் முத்தமிட்டு வைத்தாள். மெர்ல் பதறினார். “பொம்பளைங்க கார் ஓட்டிக்கிட்டு இந்தக் கேட்டுக்குள்ள வரக்கூடாதும்மா! விதி இருக்கு!”

“நான் எங்கய்யா கேட்டு வழியா வந்தேன்? உங்க ஆளுங்க என் வயலுக்கு வர்ற வழியாத்தான் வந்தேன்.”

மேட்டு வழியைப் பற்றி விதியில் ஒன்றுமில்லை. கமிட்டி கூடிப் பேசிக்கொண்டிருக்கும்போதே, கையில் பெர்னீஸ் சுட்ட ஆப்பிள் பலகாரத்தில் பாதியோடு எல்ராய் நடந்து வந்து, “நான் ஜெயிச்சேனா?” என்று கேட்டான். கடைசியில் கோப்பையைக் காருக்கே கொடுத்தார்கள். இன்ஜின் மூடிமேல் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை எல்ராய் தன் பழைய காரை வயலோரம் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். பெர்னீஸ் மேடு ஏறிப் பந்தயத்தில் கலந்தாள். அறிவிப்பில் ‘திரு. பி. கிளாப்பரிச்’ என்று அச்சடித்துக் கமிட்டி கண்ணை மூடிக்கொண்டது. இரண்டு கோடைகாலம் இப்படி ஓடியது. அவள் மறுபடி ஜெயிக்கவேயில்லை. இரண்டு முறை காரோடு குட்டிக்கரணம் அடித்தாள். அதைப் பார்க்கவே ஜனங்கள் மூன்றாம் வளைவுப் பக்கம் வந்து உட்கார்ந்தார்கள்.

அப்புறம் கமிட்டி அந்த வளைவில் உயரமான பலகைச் சுவர் எழுப்பியது. பாதுகாப்புக்கு என்றார்கள். மேட்டு வழி அடைபட்டுப் போயிற்று. பிறகு பெர்னீஸ் டிக்கெட் வாங்கி லியான் பக்கத்தில் உட்கார்ந்து, ஓட்டுகிறவனையெல்லாம் பெயர் சொல்லித் திட்டப் பழகிக்கொண்டாள். லியானும் தைரியமாகச் சத்தம் போட்டான். வீடு திரும்பும்போது லாரியை அவள்தான் ஓட்டுவாள்.

“கொஞ்சம் மெதுவா போயேன்,” என்பான் லியான், கதவைப் பிடித்துக்கொண்டு.

“பின்னாடி ஒருத்தன் முந்தப் பாக்கறான், தெரியல?”

“அது நம்ம பாதிரியாருடி!”

“யாரா இருந்தா என்ன?” என்று பெர்னீஸ் இன்னும் அழுத்தினாள்.