யாளிக்குப் பூசிய நீலம்

மராத்தி பேசும் ஊரான சிஞ்ச்வட்டில் கார் பம்பர்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆலை ஒன்றில் லீலாவுக்கு இருபது வருடமாக ஒரே வேலை, நிறம் பார்ப்பது. நமக்கு இரண்டு பம்பரும் வெள்ளையாகத்தான் தெரியும். லீலா அதில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடுவாள். "டியூப் லைட்ல பாத்து ஓகே சொல்லாதீங்க, வெயில்ல கொண்டு போய்ப் பாருங்க" என்று புதிதாக வருபவர்களை ஒரு வழி பண்ணிவிடுவாள்.

அவள் குடியிருக்கும் நிக்டி காலனியின் தமிழர் கோயிலுக்குப் புது யாளி வாகனம் வந்தது. சிங்க முகமும் துதிக்கையுமாக ஆளுயர மர உருவம். "பெயிண்ட் உனக்குக் கைவந்ததுதானே? கோபமா இருக்கணும்மா. பாத்தா ஈரக்கொலை நடுங்கணும்" என்று அவளிடம் ஒப்படைத்தார் செயலாளர் அச்சுதன். அடுத்தவர் அடித்ததில் குறை கண்டே பழகியவள் முதல்முறையாகத் தானே பிரஷைப் பிடித்தாள். கோபம் என்றால் சிவப்புதானே? நான்கு மாலை, கோயில் கூடத்து டியூப் லைட்டில் சிவப்பாக அடித்துத் தள்ளினாள்.

ஞாயிறு காலை வெயிலில் இறக்கி வைத்தார்கள். விருந்து முடித்து வெற்றிலை போட்ட மாப்பிள்ளை மாதிரி இளித்துக்கொண்டு நின்றது யாளி. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஊருக்கெல்லாம் வெயிலில் பார்க்கச் சொன்னவள், தன் வேலையை வெயிலில் பார்க்க மறந்திருந்தாள்.

"போகட்டும் விடும்மா. சாயங்காலம் புறப்பாட்டுக்கு மூஞ்சிய துணி போட்டு மூடிக்கலாம்" என்றார் அச்சுதன்.

அந்த வார்த்தைதான் அவளைச் சுட்டது. "ஆறு மணி வரைக்கும் விடுங்கண்ணா" என்று டப்பாக்களோடு வெயிலிலேயே உட்கார்ந்தாள்.

இந்த யாளிக்கு எதன் மேல் கோபம்? தான் எப்போது அப்படிக் கோபப்பட்டோம் என்று யோசித்தாள். அப்போது ஐந்து வயதான மகள் காவ்யாவின் கால் ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. பிள்ளையை இழுத்து இடுப்பில் போட்டுக்கொண்டு, நெருக்கித் தள்ளிய கூட்டத்தைப் பார்த்து அவள் போட்ட கூச்சலில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. கோபமெல்லாம் வெளியேதான். உள்ளே முழுக்கப் பயம். அதைப் பற்றி அவள் வீட்டில் பேசியதே இல்லை. மகளுக்கு நினைவிருக்காது என்றே இருந்தாள்.

முகத்துச் சிவப்பின் மேல் சாம்பல் பூசினாள். தொண்டைக்குள் கருஊதா ஏற்றினாள். சிவப்பை நாக்கில் மட்டும் விட்டுவைத்தாள். கண்களுக்குக் கீழே வெளிறிய நீலத்தை இழுத்ததும் யாளி அவளைப் பார்த்தது. பிரஷைக் கீழே வைத்துவிட்டு, தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனாள். இத்தனை வருடம் நிறத்தோடு குடித்தனம் நடத்தியும் அதற்கு இவ்வளவு தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சாயங்காலம் யாரும் சிரிக்கவில்லை. அச்சுதன் மூடக் கொண்டுவந்த துணியை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

காவ்யாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும். கூட்டத்தில் நுழைந்து வந்தவள், யாளியைப் பார்த்ததும் அம்மாவின் கையை இறுகப் பிடித்தாள்.

"அரே அம்மா... சின்னதுல நான் ட்ரெயின் கீழ போனேன்ல? அப்போ உன் மூஞ்சி இதுதான்."