சீசன் டிக்கெட் காணாமல் போன வாரம்

தஞ்சாவூரில் ஒரு சங்கீத சபாவுக்கு ஆன்லைன் டிக்கெட் வேலை பார்த்துவந்தேன். ஆறு சனிக்கிழமை, ஆறு கச்சேரி. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சீசன் டிக்கெட். ஐந்தாவது கச்சேரி என் தோழியுடையது. இசைக் கல்லூரியில் என்னோடு வயலின் படித்தவள். நான் விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தேன், அவள் விடவில்லை. நடவு வேலைக்குப் போய்த்தான் அவள் அம்மா அவளைப் படிக்கவைத்தார். பத்து வருஷம் மற்றவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தபின் கிடைத்த முதல் தனிக் கச்சேரி. அவள் படத்தோடு அந்தக் கச்சேரிக்கான பக்கத்தை நான் வெளியிட்ட அன்றே அதன் லிங்கை ஊர் முழுக்க அனுப்பிவிட்டாள்.

சீசன் தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்காம் நாள் இறந்துபோனாள்.

இறுதிச் சடங்கு முடிந்து திரும்பியதும் அவள் கச்சேரியை சைட்டில் மறைத்தேன். அன்று பிற்பகல் சபா செயலாளர் போன் செய்தார்.

"என்னம்மா, சீசன் டிக்கெட்டையே வெப்சைட்ல காணோம்? ஆளுங்க கேக்குறாங்க."

விற்பனைத் தேதி சரியாக இருந்தது. இருக்கைகள் மீதமிருந்தன. 'ஆன்லைனில் காட்டு' என்ற இடத்தில் டிக் இருந்தது. வேறொரு போனில் திறந்து பார்த்தேன். அதிலும் இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: ஆறில் ஒரு கச்சேரி மறைந்தாலும் அந்த மென்பொருள் மொத்த சீசன் டிக்கெட்டையும் மறைத்துவிடும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். அன்று மூளை ஓடவில்லை. செயலாளரைத் திரும்ப அழைத்துச் சொன்னேன்.

"ஒரு புல்லாங்குழல் கச்சேரி பேசியிருக்கேன். அந்தப் பொண்ண எடுத்துட்டு இதைப் போட்டுருங்க" என்றார் செயலாளர்.

சீசன் டிக்கெட்டிலிருந்து அவளை எடுத்துவிட்டுப் புல்லாங்குழலைச் சேர்த்தேன். உடனே அது சைட்டில் வந்துவிட்டது.

மறுநாள் அவள் போனிலிருந்தே அழைப்பு. திரையில் அவள் பேர். எடுத்தேன். அவள் அம்மா.

"பாப்பா, அவ படம் வருமே அந்த லிங்கு, தொட்டா வரமாட்டேங்குது. அழிச்சிட்டாங்களா?"

"இல்லம்மா, சைட்ல ஏதோ கோளாறு. சரி பண்ணிடுறேன்."

நான்தான் மறைத்தேன் என்பதையும் அவள் அம்மா அந்தப் பக்கத்தைத் தேடுவதையும் செயலாளரிடம் சொன்னேன். "யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். திரும்பப் போடுங்க" என்றார். டிக்கெட் விற்காத தனிப் பக்கமாக அதைத் திறந்துவிட்டேன்.

ஐந்தாவது சனிக்கிழமை அவள் அம்மா பஸ் ஏறி சபாவுக்கே வந்துவிட்டார்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு அந்த லிங்கைப் படிச்சு சொல்லுச்சு, இன்னைக்கு ஆறு மணின்னு. நடக்காதுன்னு தெரியும் பாப்பா. வீட்டுல இருப்புக் கொள்ளல."

கடைசி வரிசையில் அவரோடு உட்கார்ந்தேன். புல்லாங்குழல் தொடங்கியது.

"அவ எங்க உக்காந்திருப்பா?"

மேடையைக் காட்டினேன்.

"நடுவுலயா?"

"நடுவுலதாம்மா."

மகளை மேடை ஓரத்திலேயே பார்த்துப் பழகியவர். முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். பாதிக் கச்சேரியில் எழுந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். பஸ் ஏற்றிவிட்டேன்.

சீசன் முடிந்ததும் எல்லாப் பக்கங்களையும் மூட வேண்டியிருந்தது. அதற்கு முன் அவள் படத்தை மட்டும் எடுத்து அவள் நம்பருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அம்மா பார்த்துவிட்டார்.