சுகுணாவின் நீலக் கோட்டும் என் ஜெபமும்

ஆம்பூரிலிருந்து ஜெயமேரி எழுதுகிறேன். நம் ஆண்டவரை நம்பி வாழ்கிற உங்கள் எல்லாருக்கும் என் அன்பு. சாட்சி என்றால் வியாதி சுகமானதை எழுதுவார்கள், விபத்தில் தப்பியதை எழுதுவார்கள். எனக்கு வந்தது பொறாமை. அது காய்ச்சலைவிட மோசம். காய்ச்சல் என்றால் நாலு பேரிடம் சொல்லி ஜெபிக்கச் சொல்லலாம். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

நான் ஒரு ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் செக்ஷனில் இருக்கிறேன். ஷூவின் மேல் பாகத்தைத் தைக்கிற வேலை. கல்யாணத்துக்கு முன்பே மெஷினில் உட்கார்ந்தவள். எனக்கு அடுத்த மெஷினில் சுகுணா. எங்கள் சபைதான், என்னைவிட வயதில் சின்னவள். வேலை கற்றுக்கொடுத்ததே நான்தான். "ஜெயாக்கா, ஜெயாக்கா" என்று காலைச் சுற்றிக்கொண்டு திரிந்தவள்.

ஷிப்மெண்ட் நேரம் வந்தால் எங்கள் கம்பெனியில் ஞாயிற்றுக்கிழமையும் வேலை நடக்கும். நான் மட்டும் போக மாட்டேன். ஞாயிறு காலை ஆராதனை என்பது எனக்கும் என் ஆண்டவருக்கும் உள்ள ஒப்பந்தம். என் தையல் சுத்தமாக இருக்கும் என்பதால் மேனேஜர் முணுமுணுத்தபடி விட்டுவிட்டார். சுகுணாவும் முதலில் என்னைப் போலவே ஞாயிறு வேலைக்குப் போகாமல்தான் இருந்தாள். பிறகு ஒரு ஞாயிறு போனாள், இன்னொரு ஞாயிறு போனாள். "சாயங்கால ஆராதனைக்கு வந்துட்றேன்க்கா, இன்னா இப்போ" என்றாள். எனக்குப் பிடிக்கவில்லை. 

போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் லைன் சூப்பர்வைசர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அடுத்தது நான்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். மேனேஜரே என்னிடம், "ரெடியா இரும்மா" என்று சொல்லியிருந்தார். சூப்பர்வைசர் என்றால் நீலக் கோட்டு. எங்களுக்கெல்லாம் சாம்பல் நிறக் கோட்டு. அந்த நீலம் எனக்கு எப்படி இருக்கும் என்று கண்ணாடி முன்னால் நின்று யோசித்தேன். வெட்கத்தை விட்டு இதைச் சொல்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் ஆடிட் வந்தது. வெளிநாட்டில் எங்கள் ஷூவை வாங்குகிறவர்கள் ஆள் அனுப்பி, தொழிலாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்பார்கள். தோல் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கு ஆடிட் கூத்து தெரியும். முதலுதவிப் பெட்டிக்குப் புது மருந்து வரும், கக்கூசுக்குச் சோப்பு வரும். அதற்கு முந்தின நாள் கேண்டீனில் எங்களுக்குப் பாடம். ஆபீஸ் மேடம் கேட்பார்கள், நாங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கோரஸாகச் சொல்ல வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை?"

"லீவு மேடம்!"

எல்லாரும் சொன்னார்கள், சுகுணா உள்பட. நான் மட்டும் உதட்டை அசைத்தேன்.

ஆடிட்டர்கள் நடந்து வந்து விரலை நீட்டி ஆளைப் பொறுக்குவார்கள். என்னைப் பொறுக்கினார்கள், சுகுணாவையும் பொறுக்கினார்கள். ஒவ்வொருவராகத் தனி அறையில் உட்கார வைத்து, தமிழ் பேசுகிற ஒரு பெண் கேள்வி கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா என்று கேட்டாள். லீவு என்று சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. "நடக்குதும்மா. நான் வர்றதில்ல, சர்ச்சுக்குப் போய்டுவேன்" என்று சொல்லிவிட்டேன். இங்கே பேசுவது வெளியே போகாது என்றார்கள். ஆனால் இதைச் சொல்லக்கூடிய ஆள் யார் என்று கம்பெனியில் யாருக்குத்தான் தெரியாது?

அடுத்த வாரமே என்னை மெஷினிலிருந்து எழுப்பி, நூல் வெட்டுகிற மேஜையில் போட்டார்கள். தைத்து முடித்ததில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலைக் கத்தரிப்பது, நேற்று வந்த பெண்கள் செய்கிற வேலை. நீலக் கோட்டு, அந்த அறையில் லீவு என்று சொல்லிவிட்டு வந்த சுகுணாவுக்குப் போனது.

அந்த வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "கர்த்தர் என்னை உயர்த்தினார்" என்றாள். சபையே கை தட்டியது. பாஸ்டர் ஸ்தோத்திரம் சொன்னார். நானும் கை தட்டினேன். என் வயிறு எரிந்தது எனக்குத்தான் தெரியும். பொய் சொன்னவளுக்குக் கோட்டு, உண்மை சொன்னவளுக்குக் கத்தரிக்கோல். இதுதான் உம்முடைய நியாயமா ஆண்டவரே?

அன்றிலிருந்து என் ஜெபம் என்ன ஜெபம் தெரியுமா? "அந்தக் கோட்டைக் கழற்றும்." அவ்வளவுதான். மற்றவர்களுக்காக நீட்டி முழக்கி ஜெபிக்கிற நான், முழங்காலில் நின்றால் இந்த ஒன்றைத்தான் கேட்டேன். ஜோலார்பேட்டை ரயில்வேயில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர் ஒருநாள் இதைக் கேட்டுவிட்டு, "ஏன் ஜெயா, சாபம் உட்றியா, ஜெபம் பண்றியா?" என்று கேட்டார். அவரிடம் எரிந்து விழுந்தேன்.

அவள் நடந்தால் பிடிக்கவில்லை, சிரித்தால் பிடிக்கவில்லை. "ஞாயிறு வர்றவங்க கை தூக்குங்க" என்று அவள் லைனில் கேட்கும்போது காறித் துப்பலாம் போல இருக்கும். அவள் என்னைப் பார்த்துக் கேட்டதே கிடையாது. அதுவும் கர்வமாகத்தான் பட்டது. திங்கட்கிழமை காலையில் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு வைத்துக் கத்துவார். அவள் தலை குனிந்து நிற்பாள். என் மேஜையில் இருந்தபடி அதைப் பார்ப்பேன். அந்த வாரத்துக்கே எனக்கு அது போதும்.

கோடையில் மறுபடியும் ஆடிட் என்று தெரிந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இந்த வாட்டியும் வாயத் தொறந்தீன்னா, நேரா வூட்டுக்குப் போய்டு" என்றார். அன்று மத்தியானம் சுகுணா என் மேஜைக்கு வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அக்கா, எங்க லைன் பேரத்தான் ஆடிட்டருங்க குறிச்சு வச்சிருக்காங்க. நீ எதாவது சொன்னா சூப்பர்வைசர்தான் கட்டாயப்படுத்துனான்னு என் தலையில கட்டிடுவாங்கக்கா. ரொம்ப பேஜாரா இருக்கு. இந்த ஒரு வாட்டி மட்டும் கம்முனு இரேன்."

"நான் பொய் சொல்ல மாட்டேன் சுகுணா" என்றேன். குரல் ரொம்பப் பரிசுத்தமாக வந்தது. உள்ளே என்னவோ பிரியாணி சாப்பிட்ட மாதிரி நிறைந்து போயிருந்தது.

வீட்டுக்குப் போய் முழங்கால் போட்டேன். ஜெபம் கேட்கப்பட்டது என்று ஸ்தோத்திரம் சொல்லப் போனேன். வார்த்தை வரவில்லை. எவ்வளவு முயன்றாலும் வரவில்லை. அப்போதுதான் பயம் பிடித்தது. உண்மை சொல்வது எனக்கு இப்போது இனிக்கிறது. ஏன் இனிக்கிறது? ஆண்டவருக்காகவா, அந்தக் கோட்டுக்காகவா? வேலை போகும் என்ற பயத்தைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது. அழுதேன். "என்னைப் பொய் சொல்ல விடாதேயும். அவளை விழவைக்க உண்மையைச் சொல்லவும் விடாதேயும். எனக்கு வழி தெரியவில்லை, நீர் பேசும்" என்று கேட்டேன்.

ஆடிட் நாளில் என்னைத்தான் முதலில் பொறுக்கினார்கள். வேறு ஒரு பெண், அதே அறை. ஞாயிறு வேலை நடக்கிறதா? நடக்கிறது என்றேன். உங்கள் சூப்பர்வைசர் கட்டாயப்படுத்துகிறாரா? 'ஆமா' என் நாக்கு நுனியில் இருந்தது. பாதி உண்மைதானே, அவள்தானே ஆள் கூப்பிடுகிறாள். மனசுக்குள் "இயேசுவே" என்றேன். அந்த நொடியில் திங்கட்கிழமைக் காலைகள் கண் முன்னால் வந்தன. மேனேஜர் கத்துவது எதற்கு? ஞாயிறு யார் யார் வரவில்லை, பேரைச் சொல் என்பதற்கு. அவள் ஒரு பேரைக்கூடச் சொன்னதில்லை. என் பேரைச் சொன்னதே இல்லை. நான் வருவதில்லை என்று மேனேஜருக்குத் தெரியும், ஆனால் சூப்பர்வைசர் வாயால் புகார் வந்திருந்தால் எப்போதோ என்னை அனுப்பியிருப்பார்கள். இத்தனை மாசம் நான் ரசித்துப் பார்த்தது, எனக்காகவும் அவள் வாங்கிய திட்டு.

"இல்லம்மா" என்றேன். "ஷிப்மெண்ட் தேதி நெருக்குது, மேல இருந்து சொல்றாங்க, அவ கூப்பிடுறா. வராதவங்கள அவ காட்டிக் கொடுத்ததே இல்ல. அந்தத் திட்டயெல்லாம் அவளே வாங்கிக்கிறா." சொல்லும்போதே அழுதுவிட்டேன். அந்தப் பெண் பயந்து போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

வெளியே வந்தபோது சுகுணா வாசலில் நின்றிருந்தாள். அடுத்தது அவள்.

"இன்னாக்கா சொன்ன?"

"ஞாயிறு வேலை நடக்குதுன்னு சொன்னேன். நீ எங்கள காட்டிக் கொடுக்கலன்னும் சொன்னேன்."

கோட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பிறகு உள்ளே போனாள். அவளும் லீவு என்று சொல்லவில்லை. அதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்.

இருவருக்கும் வேலை போய்விட்டது என்றே நினைத்தோம். அந்த வாரம் முழுவதும் சாப்பாடு இறங்கவில்லை. நடந்தது வேறு. வாங்குகிறவர்கள் ஷிப்மெண்ட் தேதியைத் தள்ளிக் கொடுத்து, ஞாயிறு வேலைக்கு யாரையும் நெருக்கக் கூடாது என்று எழுதினார்கள். மேனேஜர் எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் யாரையும் அனுப்பவும் இல்லை. மழை தொடங்குகிற சமயத்தில் என்னைத் திரும்ப மெஷினில் உட்கார வைத்தார்கள்.

சுகுணா இன்னும் சூப்பர்வைசர்தான். நான் இன்னும் சாம்பல் கோட்டுதான். பொறாமை அடியோடு போய்விட்டது என்று எழுதினால் அது பொய். சில காலைகளில் வரும். வந்தால் அவள் பேரைச் சொல்லி, அவள் குடும்பத்துக்காக, அவள் முதுகு வலிக்காக ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டாவது. இப்போது ஞாயிறு காலை ஆராதனைக்கு அவள் வருகிறாள். தாமதமாகத்தான் வருகிறாள். வந்து, "தள்ளி உக்காருக்கா" என்கிறாள். தள்ளி உட்காருகிறேன்.

பிரியமானவர்களே, வேலை செய்கிற இடத்தில் உண்மையாக இருப்பது கஷ்டம். உண்மையாக இருந்துவிட்டு, அப்படி இல்லாதவர்களை வெறுக்காமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். இரண்டுக்கும் அவர் பெலன் தருவார், எனக்குத் தந்தார். உங்கள் வாழ்க்கையிலும் ஒரு சுகுணா இருப்பாள். இன்றைக்கு முழங்காலில் நின்று அவள் பேரைச் சொல்லுங்கள். அதற்குமேல் நல்ல வார்த்தை ஒன்றும் வராவிட்டால் பரவாயில்லை. எனக்கும் வரவில்லை. பேரை மட்டும் சொல்லிவிட்டு அப்படியே இருங்கள், அவர் பேசுவார்.